மாவட்டவாரியாக வறுமையை அளக்க, ரூபாய்க் கோட்டைத் தாண்டி ஒரு வழி

எந்த மாவட்டத்தில் வறுமை அதிகம் என்று கேட்டால் உடனே வறுமைக்கோட்டைத் தேடாதீர்கள். டெண்டுல்கர் குழு வகுத்த முறையில் 2011-12க்குப் போட்ட கோடு, ஆளுக்கு மாதம் கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000. அடுத்து வெளியான நுகர்வுச் செலவு ஆய்வு 2022-23க்கு உரியது. நடுவில் 2017-18இல் எடுத்ததை அரசு வெளியிடவே இல்லை. அந்த ஆய்வுகளும் மாநிலத்துக்குத்தான் தாங்கும், மாவட்டத்துக்கு மாதிரி (ஆய்வுக்கு எடுத்த வீடுகள்) போதாது.

ஆகவே ரூபாயை விட்டுவிட்டு இல்லாமையை எண்ணுவோம். இதற்கு அல்கைர்–ஃபாஸ்டர் முறை என்று பெயர், நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடும் இதில்தான் நிற்கிறது. தரவுக்குத் தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) இருக்கிறது: 707 மாவட்டங்கள், சுமார் 6.37 லட்சம் வீடுகள். வீட்டுவாரிக் கோப்பைத் திறந்ததும் வெயிட் எண்ணை (ஒவ்வொரு வீட்டுக்கும் கோப்பு தரும் எடை) பத்து லட்சத்தால் வகுங்கள், பிறகு வீட்டு ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். நாம் எண்ணப்போவது வீடுகளை அல்ல, ஆட்களை.

நிதி ஆயோக் பட்டியலில் 12 குறிகாட்டிகள். ஊட்டச்சத்து, படித்த ஆண்டுகள், பள்ளி வருகை மூன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு எடை. குழந்தை இறப்பு, தாய்நலம் இரண்டுக்கும் பன்னிரண்டில் ஒன்று. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு, மின்சாரம், உடைமைகள், வங்கிக் கணக்கு ஏழுக்கும் 21இல் ஒன்று. ஒரு வீடு தவறும் குறிகாட்டிகளின் எடைகளைக் கூட்டி, அது மூன்றில் ஒன்றைத் தொட்டால் அந்த வீட்டில் எல்லோரும் ஏழைகள். ஒரு வீட்டில் ஊட்டச்சத்துக் குறைவு, விறகடுப்பு, கழிப்பறை இல்லை, மண்தரை என்று வையுங்கள்: 0.167 + 0.143 = 0.31. ஏழை இல்லை! உடைமைக் குறிகாட்டியிலும் அந்த வீடு தவறினால் 0.357, இப்போது ஏழை. இவ்வளவு மெல்லிய இடத்தில் வெட்டுப்புள்ளி நிற்பதால் ஒரே எண்ணோடு நிறுத்தாமல் 20 சதவீதத்திலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏழைகளின் விகிதத்தை, அவர்களுக்குள் இருக்கும் சராசரி இல்லாமையால் பெருக்கினால் குறியீடு வந்துவிடும், அது எளிது.

சிக்கல் அப்புறம்தான் தொடங்குகிறது. இந்த முறையில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம், பீகாரில் 33.76. பீகார் மாவட்டங்களுக்குள் பெரிய இடைவெளி இருந்தால் ஆய்வுக்கு எடுத்த இந்த வீடுகளே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தமிழ்நாட்டு மாவட்டம் ஒன்றில் 900 வீடுகளில் 2.2 என்று வந்தால், கொத்துக்கொத்தாக வீடு எடுத்ததால் பிழை கூடுவதையும் சேர்த்து (வடிவமைப்பு விளைவு 2, அதாவது பிழையின் வர்க்கம் இரட்டிப்பாகிறது என்று கொண்டால்) உண்மை ஏறக்குறைய 0.8 முதல் 3.6 வரை எங்கேயும் இருக்கலாம். இதை வைத்து முதலிடம், கடைசி இடம் என்று தரவரிசை போடுவது, என்னைக் கேட்டால், வெறும் பொழுதுபோக்கு.

இதற்கு ஒரு கைவைத்தியம் ஃபே–ஹெரியட் மாடல் என்ற புள்ளியியல் கணக்கு. 1979இல் அமெரிக்காவில் சின்னஞ்சிறு ஊர்களின் வருமானத்தைக் கணிக்க உருவானது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு மதிப்பீடு எடுக்கிறோம்: ஆய்விலிருந்து நேரடியாக ஒன்று, எழுத்தறிவு, விவசாயக் கூலிகளின் பங்கு போன்ற சென்சஸ் எண்களை வைத்துப் பின்னடைவுச் சமன்பாடு (தெரிந்த எண்களிலிருந்து தெரியாததைக் கணிப்பது) சொல்வது ஒன்று. நேரடி எண் தள்ளாடும் மாவட்டத்தில் சமன்பாட்டுக்கு அதிக எடை, உறுதியான இடத்தில் நேரடி எண்ணுக்கு அதிக எடை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் எஸ்ஏஇ (sae), எம்டி (emdi) பேக்கேஜ்கள் இதைச் செய்து தருகின்றன. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: மாதிரியில் ஓர் ஏழை வீடுகூட அகப்படாத மாவட்டத்துக்குப் பிழையும் சுழியம் என்று வரும், உடனே மாடல் அதை அப்படியே முழுசாக நம்பிவிடும். பிழைகளை முதலில் எல்லா மாவட்டங்களுக்கும் சேர்த்துச் சமன்படுத்துங்கள். விகிதங்கள் சுழியத்துக்குக் கீழே போகாமலிருக்க ஆர்க்சைன் உருமாற்றமும் செய்யுங்கள்.

எல்லைகளையும் மறக்க வேண்டாம். இந்தச் சுற்றின் மாவட்டப் பட்டியல் 2017 மார்ச் நிலவரம், தமிழ்நாட்டுக்கு 32. கள்ளக்குறிச்சி விழுப்புரத்துக்குள்ளும் தென்காசி திருநெல்வேலிக்குள்ளும் இருக்கும். 2011 சென்சஸிலும் அதே 32 என்பதால் பொருத்துவது சுலபம், ஆனால் முடிவைப் புது 38 மாவட்ட வரைபடத்தில் தீட்டாதீர்கள்.

செயற்கைக்கோள் படம், இரவு வெளிச்சம் இவற்றையும் சமன்பாட்டில் சேர்க்கலாம். நைஜீரியா, தான்சானியா, உகாண்டா, மலாவி, ருவாண்டா தரவில் 2016இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். மின்சாரம் அநேகமாக எல்லா வீட்டுக்கும் போய்விட்ட தமிழ்நாட்டில் வெளிச்சம் நகரத்தைக் காட்டும் அளவுக்கு வறுமையைக் காட்டாது என்பது என் கணிப்பு.

கடைசியாக, மாவட்ட எண்களை மக்கள்தொகையால் எடையிட்டுக் கூட்டுங்கள். மாநிலத்தின் 2.2ஓடு பொருந்தாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சரிசெய்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உண்மை எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதையும் அச்சிடுங்கள்.