வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள்ள, செத்தவரை மெசின் திருப்பிக் கொண்டுவாற பேய்க் குறும்படம் எடுக்கிறது எப்பிடி

முதல்ல ஒண்டு சொல்லிறன், லாப் வேண்டாம். பச்சை லைற், புகை, வயர் சுத்தின பிணம், வெள்ளைக் கோட் போட்ட டொக்டர் எல்லாம் செற் போடக் காசு இருக்கிறவைக்கு. எங்களிட்ட இருக்கிறது ரெண்டு அறை ஃபிளாட், ஒரு போன், சுவரில மாலை போட்ட அம்மம்மாவின்ர படம், அதுக்கு முன்னால எரியிற விளக்கு. 12 நிமிசப் படத்துக்கு இது தாராளமாக் காணும், உண்மையாச் சொன்னால் லாப்பை விட இதுதான் கூடப் பயம், ஏனெண்டால் பாக்கிற எல்லாற்ற வீட்டிலயும் அப்பிடி ஒரு படம் தொங்குது.

அடுத்தது மெசின். ஒண்டே ஒண்டை மட்டும் எடுங்கோ. 1803ல லண்டனில ஜியோவானி அல்டினி எண்டவர், தூக்கில போட்ட ஜோர்ஜ் ஃபோர்ஸ்டரின்ர உடம்புக்கு மின்சாரம் குடுத்துக் காட்டினவர், தாடை துடிச்சு ஒரு கண்ணும் திறக்க, நிண்ட ஆக்களில சிலர் உயிர் வருது எண்டே நினைச்சவை. 1967ல அமெரிக்காவில ஜேம்ஸ் பெட்ஃபோர்டை செத்த கையோட உறைய வச்சவை, அவர் இண்டைக்கும் அப்பிடியேதான் இருக்கிறார். 2019ல யேல் பல்கலைக்கழகத்தில, வெட்டி நாலு மணித்தியாலம் ஆன பண்டியின்ர மூளையில சில செல்களைத் திருப்பி வேலை செய்ய வச்சவை, ஆனா நினைவு திரும்பினதுக்கு ஒரு அடையாளமும் இல்ல. 2020ல தென்கொரியாவில டிவிக்காக ஒரு தாய்க்கு ஹெட்செற்றைப் போட்டு, செத்துப்போன மகளை வீஆரில, அதாவது கம்பியூட்டர் கண்ணுக்கு முன்னால காட்டுற பொய் உலகத்தில, நிப்பாட்டினவை. ஒவ்வொரு காலத்திலயும் ஆக்களுக்கு அரைகுறையா விளங்கின புதுச் சாமானுக்குள்ளாலதான் செத்தவை வருவினம், எங்களுக்கு இப்ப அது வொய்ஸ் குளோனிங், சில செக்கன் குரல் இருந்தாலே அதே மாதிரிக் கதைக்க வைக்கலாம்.

சரி, மெசினுக்கு என்ன ஏலும் என்ன ஏலாது எண்டு ஒரு பக்கத்தில எழுதுங்கோ. எங்கட படத்தில இதுதான்: பேரன் அம்மம்மாவின்ர வொய்ஸ் நோட்டை வச்சு குரலைச் செய்யிறான், அது அவன் கேட்டால் பதில் சொல்லும், தானாக் கதைக்காது, எதையும் பாக்காது, மணக்காது, ருசிக்காது. இந்தச் சட்டத்தை முதல் மூண்டு நிமிசத்துக்குள்ள பாக்கிறவைக்கு விளங்கப்படுத்தி முடிச்சிடுங்கோ, பிறகு ஒவ்வொண்டா உடையுங்கோ. சட்டம் தெரியாட்டி அது உடையேக்க ஒருத்தருக்கும் பயம் வராது. இதில அவசரப்பட்டுத்தான் கனபேர் படத்தைக் கெடுக்கினம்.

தமிழிலதான் இந்தக் கதைக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, தயவுசெய்து விடாதேங்கோ. கம்பியூட்டர் தமிழ் கதைச்சால் பெரும்பாலும் புத்தகத் தமிழா இருக்கும், இல்லாட்டி இந்தியப் பக்கத் தமிழா இருக்கும். அம்மம்மா உயிரோட இருக்கேக்க "சாப்பிட்டியோ ராசா" எண்டு கேட்ட மனிசி. மெசின் முதல் நாள் அதே குரலில "நீ சாப்பிட்டாயா" எண்டு கேக்கும். குரல் அவவின்ர, பேச்சு அவவின்ர இல்ல. பேரன் சிரிக்கிறான், நாங்களும் நிம்மதியா இருக்கிறம். ஒரு கிழமைக்குப் பிறகு ஒருத்தரும் சொல்லிக் குடுக்காமலே அது "சாப்பிட்டியோ ராசா" எண்டு கேக்கவேணும், அந்த இடத்தில மியூசிக் போடாதேங்கோ, அவன்ர முகத்தைக் கூடக் காட்டவேண்டாம், கோப்பையில இருக்கிற கை நிக்கிறதை மட்டும் எடுங்கோ.

வொய்ஸ் நோட்டுக்குப் பின்னால என்ன சத்தம் கேக்குது எண்டதையும் கதைக்குள்ள கொண்டுவாங்கோ. எங்கட கதையில 11 செக்கன் நோட், "தம்பி, வரேக்க ரெண்டு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வா", பின்னால கடற்கரைப் பக்கம் ரெயின் போற சத்தம். குளோன் செய்யிற சொஃப்ட்வெயர் சில நேரம் பின்னால இருக்கிற இரைச்சலையும் சேத்துப் பிடிச்சிடும், அது உண்மையா நடக்கிற விசயம். அதால அம்மம்மா எப்பக் கதைச்சாலும் பின்னால மெல்லிசா ஒரு ரெயின் போகுது. ராத்திரி ரெண்டு மணி, மெரின் டிரைவில ஒரு ஓட்டோ கூட இல்ல, ரெயின் கேக்குது, பேரன் போனைப் பாக்கிறான், போன் ஓஃப். எங்களுக்கு இதை விட வேற பேய் தேவைப்படேல்ல.

நாள் கணக்குக்குச் செத்தவீட்டையே பிடிச்சுக்கொள்ளுங்கோ. எட்டுச் செலவு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி. குடும்பம் அவவை வழியனுப்பப் பாக்குது, பேரன் போனுக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிறான், கதையின்ர இழுபறி முழுக்க அங்கதான், வில்லன் தேவையில்ல. படையல் சீனைக் கொஞ்சம் நேரம் எடுத்து ஆறுதலா எடுங்கோ. படைக்கிற சாப்பாட்டை சமைக்கேக்க ஒருத்தரும் ருசி பாக்கிறேல்ல எண்டு எங்கட ஆக்களுக்குத் தெரியும். வாழையிலை, சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அவவுக்குப் பிடிச்ச உழுந்து வடை, எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிக்கினம், பேரன்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள இருந்து மெல்ல "உப்புக் குறைவு" எண்டு வருது. ஒருத்தரும் அசையேல்ல. பிறகு மாமி குனிஞ்சு குழம்பில விரலை வச்சு நாக்கில வைக்கிறா. அவவின்ர முகத்தில எல்லாம் தெரியவேணும், வசனம் எழுதாதேங்கோ.

இனி கமெரா. இலங்கையில கரண்ட் 50 ஹேர்ட்ஸ், போன் வழமையா செக்கனுக்கு 30 ஃபிரேமில எடுக்கும், ரியூப் லைற்றுக்குக் கீழ எடுத்தால் படம் முழுக்கக் கோடு ஓடலாம். மனுவல் மோட் இருக்கிற அப் ஒண்டைப் போட்டு 25 ஃபிரேம், ஷட்டர் செக்கனில 50இல ஒண்டு எண்டு வையுங்கோ. லெப்டொப் ஸ்கிரீன் பெரும்பாலும் 60 ஹேர்ட்ஸ், அது ஷொட்டில வந்தால் ரியூப் லைற்றை நிப்பாட்டிப்போட்டு ஷட்டரை 60இல ஒண்டாக்குங்கோ. எக்ஸ்போஷரை லொக் பண்ணாட்டி விளக்கு ஆடுற ஒவ்வொரு தரமும் போன் தானா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், இருட்டுப் போயிடும்.

சத்தத்துக்குத்தான் கூட நேரம் ஒதுக்கவேணும். ஃபானும் ஃபிரிட்ஜும் ஓஃப், வீட்டுத் திறப்பை ஃபிரிட்ஜுக்குள்ள வையுங்கோ, அப்பதான் வெளிக்கிடேக்க திருப்பிப் போட மறக்கமாட்டியள். நாங்கள் முதல் தரம் ஃபிரிட்ஜை ஓடவிட்டு எடுத்ததால முழு வசனத்தையும் திருப்பி டப் பண்ண வேண்டி வந்தது, ரெண்டு கிழமை போச்சு. ஒவ்வொரு அறையிலயும் ஒருத்தரும் கதைக்காமல் ஒரு நிமிசம் வெறும் சத்தத்தை ரெக்கோர்ட் பண்ணுங்கோ, எடிட்டில அது இல்லாட்டி வெட்டின இடமெல்லாம் காதில குத்தும். ரெயின் சத்தத்தை ரோட்டுப் பக்கம் நிண்டே எடுங்கோ, தண்டவாளத்துக்குப் போகாதேங்கோ. பொரளைக் கனத்தைச் சுடலையும் வேண்டாம், அங்க உண்மையா அழுதுகொண்டு நிக்கிற ஆக்கள் இருப்பினம்.

முடிவு யோசிக்கிறவைக்கு எங்கட முடிவைச் சொல்லிறன். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி ஒரு இரவு, அம்மம்மாவின்ர குரல் இருக்கிற கம்பியூட்டர் யூபிஎஸ் பற்றரியில ஓடுது, பற்றரி முடியப்போகுது எண்டு யூபிஎஸ் கீ கீ எண்டு கத்துது, அம்மம்மா "இருட்டா இருக்கு தம்பி" எண்டுறா, பேரன் பட்டனில கையை வச்சுக்கொண்டு நிக்கிறான். கத்துற சத்தம் நிண்டபிறகு 10 செக்கன் வெறும் கறுப்பு விடுங்கோ.

கடைசியா, குரல். உங்கட வீட்டில செத்தவரின்ர உண்மைக் குரலை எடுத்து குளோன் பண்ண யோசிச்சால் முதல்ல வீட்டில எல்லாரிட்டயும் கேளுங்கோ. எங்கட அம்மா அம்மம்மாவின்ர நோட்டைக் கேட்டுப்போட்டு, வேண்டாம் எண்டு மட்டும் சொன்னவ, நாங்கள் பக்கத்து வீட்டு அன்ரியைக் கதைக்க வச்சு, அவவிட்டச் சொல்லி, அவவின்ர குரலைத்தான் குளோன் பண்ணினனாங்கள். படம் முடிஞ்சதும் செய்த குரல் ஃபைல் எல்லாத்தையும் அவவுக்கு முன்னாலயே அழிச்சிட்டம். அம்மம்மாவின்ர அந்த 11 செக்கனை மட்டும் ரெண்டு இடத்தில கொப்பி பண்ணி வச்சிருக்கிறம், நீங்களும் போன் மாத்த முதல் அதைச் செய்யுங்கோ.