வெளிநாட்டில் பிறந்த பிள்ளை எந்த நாட்டுக்கு விளையாடலாம்? மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான ஆவண வழிகாட்டி

சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ லண்டனிலோ வளரும் பேரப்பிள்ளை பாடசாலை அணியைத் தாண்டிக் கழகத்துக்கும், அங்கிருந்து வயதுப்பிரிவுத் தெரிவுக்கும் போய்விட்டால், களுவாஞ்சிகுடியிலோ காரைதீவிலோ இருக்கும் அம்மம்மாவுக்கு ஒருநாள் தொலைபேசி அழைப்பு வரும்: "உங்கட பிறப்புப் பத்திரம் கிடக்கா?" அந்த அழைப்பு பெரும்பாலும் தெரிவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் வருகிறது. அதற்கு முன்பே எவற்றைத் தேடி வைக்க வேண்டும், எந்த விளையாட்டில் எந்த ஆவணம் பயன்படும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் எங்கே பிறந்தார், யாருக்குப் பிறந்தார், இன்று எந்த நாட்டின் குடியுரிமையை வைத்திருக்கிறார் என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். ஊரில் நாம் இவற்றைச் சேர்த்தே பேசுகிறோம். சம்மேளனங்களோ தமக்கு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கின்றன. கொழும்பில் பிறந்த டேவ் வட்மோர் அவுஸ்திரேலியாவுக்காக ஏழு டெஸ்ட் போட்டிகளில் ஆடினார். பின்னர் 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். அதே கொழும்பில் பிறந்த சஞ்சயன் துரைசிங்கம் 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் கனடாவுக்காகப் பந்து வீசினார். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்கு வேல்ஸில் பிறந்த விமல் யோகநாதன், இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தின் ஊடாகத் தொழில்முறை உதைபந்தாட்டத்துக்கு வந்தார். பிறந்த இடத்தை மட்டும் பார்த்து இவர்களில் எவரையும் ஒரு கொடியின் கீழ் நிறுத்திவிட முடியாது.

நம் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் சென்று குடியிருப்பது வழக்கம் என்பதால், ஆரையம்பதியில் பிறந்து கல்லடியில் திருமணம் முடித்தவர் எந்த ஊர் அணிக்கு ஆடுவது என்று மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் எழும் வாக்குவாதத்தைக் கேட்டவர்களுக்கு, சர்வதேசச் சம்மேளனங்கள் ஏன் இத்தனை பக்கங்களில் விதி எழுதி வைத்திருக்கின்றன என்பது சொல்லாமலே விளங்கும்.

விளையாட்டுக்கு விளையாட்டு விதி வேறு

உதைபந்தாட்டத்தில் குடியுரிமை இல்லாமல் எதுவும் நடக்காது. பீபா விதிகளின்படி, ஒரு நாட்டுக்கு ஆட விரும்புபவரிடம் அந்த நாட்டின் நிரந்தரக் குடியுரிமை இருக்க வேண்டும். வதிவிட அனுமதி போதாது. அந்தக் குடியுரிமையைப் பின்னாளில் புதிதாகப் பெற்றவராயின், அவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாயோ தந்தையோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது விதியில் குறித்த ஆண்டுகள் அவர் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஜேர்மனியில் பிறந்த குளோடியோ கமெர்க்னெக்ட், லண்டனில் பிறந்த டிலன் டி சில்வா போன்றோர் இலங்கை அணியில் ஆடுவது குடும்ப வேரின் துணையால்தான்.

ரக்பியில் கடவுச்சீட்டு கேட்கப்படுவதில்லை. தாமோ, பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ அந்த நாட்டில் பிறந்திருந்தால் போதும். இல்லாவிட்டால் தொடர்ச்சியாக 60 மாதங்கள் அந்த நாட்டு ரக்பிச் சங்கத்தில் மட்டும் பதிவு பெற்றிருக்க வேண்டும், அல்லது மொத்தமாகப் பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கிரிக்கெட்டில் நிலைமை நேர்மாறானது: பிறந்த நாடு, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, மூன்று ஆண்டு வதிவிடம் ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். பாட்டியின் பிறப்புப் பத்திரம் அங்கே நேரடியாக எதற்கும் உதவாது. ஒலிம்பிக் போட்டிகளுக்கும் குடியுரிமையே அடிப்படை. இவற்றோடு, இலங்கையில் 1973ஆம் ஆண்டின் விளையாட்டுச் சட்டத்தின் கீழ் தேசிய அணிகளுக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் அங்கீகாரமும் தேவை என்பதால், சர்வதேச விதி அனுமதிக்கிறது என்ற துணிவில் மட்டும் விமானச்சீட்டு எடுத்துவிடாதீர்கள்.

வேரைத் தேடும் விதிகள் எல்லாம் பாட்டன் பாட்டியோடு நின்றுவிடுகின்றன. மட்டக்களப்புப் பறங்கியர் குடும்பங்கள் போர்த்துக்கேயக் குடும்பப்பெயரையும் கிரியோல் மொழியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றன; ஆயினும் அந்தப் பெயரைக் காட்டிப் போர்த்துக்கல் அணியில் இடம் கேட்க எந்த விதியும் இல்லை.

குடியுரிமை: பிள்ளையின் முதல் ஆண்டில் செய்ய வேண்டியது

இலங்கையின் 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை அடிப்படையாகக் கொண்டது. மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வருவதில்லை. இந்தச் சட்டத்தால்தான் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் பிறந்த நாட்டிலேயே நாடற்றவர்களாயினர். தோட்டப்புறத்திலிருந்து கிழக்குக்கு வந்து குடியேறிய குடும்பத்தினர் ஒன்றைக் கவனிக்கலாம்: உதைபந்தாட்டத்திலும் ரக்பியிலும் பாட்டன் இலங்கையில் பிறந்தாரா என்றுதான் கேட்கிறார்களே தவிர, அவருக்கு அன்று குடியுரிமை இருந்ததா என்று கேட்பதில்லை. ஆகவே ஹட்டனில் பிறந்த பாட்டனின் பிறப்புப் பதிவு அந்த இடத்தில் முழுப் பெறுமதி உடையது.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கிடைக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிறக்கும் நேரத்தில் பெற்றோருள் ஒருவர் இலங்கைக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். அந்தப் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலுள்ள உரிய அலுவலகத்திலோ பதிய வேண்டும். ஓராண்டு கடந்தால் தாமதத்துக்கான காரணத்தைக் காட்டி அனுமதி பெற வேண்டும். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரும் வரை, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் வழியாகவே குடியுரிமை சென்றது. குடியையும் கோயில் உரிமையையும் தாய் வழியாகக் கணக்கிட்டு வந்த நம் பகுதி மக்களுக்கு, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், இதைவிட அந்நியமான ஏற்பாடு வேறு இருந்திருக்க முடியாது.

பிறந்த நாடு என்ன தருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கனடாவில் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே கனேடியக் குடியுரிமை பெறும். சுவிஸில் பிறந்தால் சுவிஸ் குடியுரிமை தானாக வராது. பிரித்தானியாவில் அது பெற்றோரின் குடியுரிமையையும் நிரந்தர வதிவிட உரிமையையும் பொறுத்தது. கட்டாரில் வேலை செய்யும் காத்தான்குடிப் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமையைத் தவிர வேறு புகலிடம் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளையின் பதிவை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அதிகமானோர் தடுமாறும் இடம் இனித்தான் வருகிறது. தகப்பனும் தாயும் பிள்ளை பிறப்பதற்கு முன்பே தாமாக விண்ணப்பித்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், அந்தக் கணத்திலேயே அவர்களுடைய இலங்கைக் குடியுரிமை அற்றுப்போயிருக்கும். 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த இரட்டைக் குடியுரிமையை அவர்கள் பெற்றிராவிட்டால், பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை கோர முடியாது. ஆகவே முதலில் பெற்றோரின் வெளிநாட்டுக் குடியுரிமைச் சான்றிதழில் உள்ள திகதியையும் பிள்ளையின் பிறந்த திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்பிலேயே இரு நாட்டுக் குடியுரிமையும் உள்ள பிள்ளைக்கும் 22 வயது என்னும் எல்லை உண்டு. அதைத் தாண்டுவதற்குள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் விசாரித்து ஒழுங்கு செய்ய வேண்டும்.

ஊரில் தேட வேண்டிய பத்திரங்கள்

பிள்ளையிலிருந்து பாட்டி வரை ஒரு தொடரை அடுக்க வேண்டும்: பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தாயின் பிறப்புப் பத்திரம், தாயின் விவாகப் பத்திரம், பாட்டியின் பிறப்புப் பத்திரம். தகப்பன் வழியாயின் அதே வரிசை அந்தப் பக்கம். பாட்டனுக்கு ஒரு வசதி இருக்கிறது. இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோரின் பெயர், பிறந்த இடம் ஆகியவற்றோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதுவதற்கும் ஒரு கூடு உண்டு. அந்தக் கூடு நிரப்பப்பட்டிருந்தால் மூலப் பதிவைத் தேடுவது எளிது. பாட்டிக்கு அப்படி ஒரு கூடு இல்லை. அவருடைய பத்திரத்தைத் தனியாகவே தேட வேண்டும்.

பிறப்பு பதியப்படுவது பிறந்த இடத்தில்தான், குடியிருக்கும் இடத்தில் அன்று. கொக்கட்டிச்சோலைக் குடும்பமாக இருந்தாலும், பிள்ளைப்பேறு மட்டக்களப்பு வைத்தியசாலையில் நடந்திருந்தால் பதிவு மண்முனை வடக்கில் இருக்கும். மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் தேடுவோர் "இல்லை" என்ற பதிலோடு திரும்புவார்கள். படுவான்கரையில் மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பார்த்த பிரசவம் என்றால், பதிவு அந்தக் கிராமத்துக்குரிய பிரிவிலேயே கிடைக்கும். எனவே படிவம் நிரப்புவதற்கு முன் பாட்டியிடம் எந்த ஊர் என்று கேட்காமல், எங்கே பெற்றெடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அம்பாறை மாவட்டத்தவருக்கு இன்னுமொரு சிக்கல். 1961ஆம் ஆண்டில்தான் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவானது. அதற்கு முன் காரைதீவிலோ திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ பிறந்தவருடைய பத்திரத்தில் மாவட்டம் மட்டக்களப்பு என்றே இருக்கும். மகளின் பத்திரத்தில் அம்பாறை என்று இருக்கும். வெளிநாட்டுச் சம்மேளனத்தில் கோப்பைப் பார்ப்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். இரண்டும் ஒரே ஊர் என்பதைச் சொல்லும் ஒரு சிறு கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் கேட்டுப் பெற்று, கோப்பில் முதலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

வீட்டிலிருக்கும் பழைய பிரதியை நம்ப வேண்டாம். ட்ரங்குப் பெட்டிக்குள் சேலை மடிப்பில் நான்காக மடித்து வைத்த பத்திரம், பெரும்பாலும் பிறந்த இடம் எழுதிய வரியின் மேலேயே மடிப்போடு மடிப்பாகக் கிழிந்திருக்கும். பதிவாளரின் மை தவிட்டு நிறமாக மங்கியிருக்கும். அதைச் செலோடேப்பால் ஒட்டவோ லெமினேட் செய்யவோ வேண்டாம். அதிலுள்ள பதிவு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு புதிய அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். இலக்கம் தெரிந்தால் தேடும் வேலை மிகவும் குறையும். 1978 சூறாவளியிலும் யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் வீட்டுப் பத்திரங்களை இழந்தவர்கள் பலர். வீட்டுப் பிரதி போனதால் பதிவேடும் போய்விட்டதென்று எண்ணிக் கைவிட்டுவிட வேண்டாம்.

பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. ஆனால் இங்கே நமக்கு வேண்டியது வயதைவிடப் பிறந்த இடம். ஆகவே பாடசாலைச் சேர்விடாப்பின் பிரதி, கோயிற்பற்றின் திருமுழுக்குப் பதிவு, விவாகப் பதிவு, உடன்பிறந்தாரின் பிறப்புப் பத்திரங்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டவற்றைத் திரட்டுங்கள். இன்று எழுதிய கடிதம் பத்தைவிட, பழைய இடாப்பின் ஒரு பக்கம் கனமானது.

பெயர்களைச் சரிபார்ப்பது சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாதது. கணபதிப்பிள்ளை என்ற ஒரே பெயர் பத்திரத்தில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், சுவிஸ் வதிவிட அட்டையில் குடும்பப்பெயராக முற்றிலும் வேறு இடத்திலும் இருக்கும். இவையெல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். பின்னர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் அதே எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுவார். கடைசியாக வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும்.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்

வயதுப்பிரிவு ஆட்டங்களில் ஒரு நாட்டுக்கு ஆடியவர் பின்னர் வேறு நாட்டுக்கு மாற பீபா வழி வைத்திருக்கிறது. முதல் உத்தியோகபூர்வ ஆட்டத்தில் இறங்கிய நாளில் இரண்டாவது குடியுரிமை கையில் இருந்ததா என்பது அங்கே முக்கியமான கேள்வி. பதினேழு வயதில் எழும் அந்தக் கேள்விக்கான பதில், தூதரகத்தில் பிறப்பைப் பதிந்த திகதியில் கிடைக்கலாம். முதன்மைத் தேசிய அணிக்கு ஆடியவருக்கும் 2020ஆம் ஆண்டிலிருந்து சிறு தளர்வு உண்டு: 21 வயதாகும் முன் மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவராகவும், உலகக் கிண்ண இறுதிச் சுற்றிலோ கண்டச் சம்மேளனத்தின் இறுதிச் சுற்றிலோ பங்குபற்றாதவராகவும் இருந்தால், கடைசி ஆட்டத்திலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்து மாறலாம். ஒலிம்பிக் போட்டிகளிலும் நாடு மாறுபவர் பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நாட்டை மாற்றுவதற்கு ஒருவருக்குப் பொதுவாக ஒரு தடவைதான் வாய்ப்பு உண்டு. ஆகவே மாமாமாரும் சித்தப்பாமாரும் கூடி முடிவெடுத்துவிட்டு, பிள்ளையிடம் கையொப்பம் மட்டும் வாங்கும் வழக்கத்தை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கழகப் பயிற்றுநரிடம் நடப்பிலுள்ள விதிப் புத்தகத்தைக் கேட்டுப் பெற்று, பிள்ளையோடு இருந்து வாசித்த பின்னர், இலங்கைச் சம்மேளனத்துக்கான கடிதத்தைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதுங்கள். மூலப் பத்திரங்களை அதனோடு அனுப்ப வேண்டாம்; உறுதிப்படுத்திய பிரதிகளை மட்டும் அனுப்புங்கள்.