காட்டுச் செடியில் மருந்து தேடப் போகிறீர்களா? மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம்

வெப்பமண்டலக் காட்டுத் தாவரங்களில் மருந்துச் சேர்மம் தேட வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த மெஷினில் ஓட்டுவது என்றுதான். என் கணிப்பில் இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது காட்டிலேயே, மாதிரி எடுக்கும் அன்றே. அதனால் அங்கேயே ஆரம்பிக்கிறேன்.

முதலில் அனுமதி. வனத்துறைக் கடிதம் மட்டும் போதாது. 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறையை (உயிரின வளங்களின் பயனைப் பங்கிடுவது பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) ஏற்ற பல நாடுகளில் முன் ஒப்புதலும், பயன் கிடைத்தால் எப்படிப் பங்கிடுவது என்ற உடன்படிக்கையும் வேண்டும். செடியைக் காட்டிக் கொடுத்தவர்கள் பழங்குடி மக்கள் என்றால் அவர்களிடமும் பேசித்தான் ஆக வேண்டும். 1987இல் அகத்தியமலைப் பகுதியில் காணி மக்கள் களைப்புத் தெரியாமல் மலையேறுவதைப் பார்த்து ஆய்வாளர்கள் கேட்க, அவர்கள் காட்டியதுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி. அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தபோது உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று முடிவானது. இதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கையில் இருக்கும் முடிவை வெளியிடக்கூட முடியாமல் போகலாம்.

கேட்கும்போது “இது எதற்கு நல்லது?” என்பதோடு நிறுத்தாதீர்கள். இலையா, வேரா, பட்டையா, எந்தப் பருவத்தில் பறிப்பார்கள், கொதிக்க வைப்பார்களா, பச்சையாகப் பிழிவார்களா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். சீன விஞ்ஞானி து யூயூ (அவர் எடுத்தது காட்டுச் செடி இல்லைதான்) ஒரு பழைய மருத்துவ நூலில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு என்று இருந்ததைக் கவனித்து, சூடு பட்டுத்தான் வீரியம் போகிறதோ என்று யோசித்து, குறைந்த கொதிநிலை கொண்ட ஈதரில் சாறு எடுத்தார். மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் அப்படிக் கிடைத்ததுதான்.

இப்போது சேகரிப்பு. பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, எண் போட்டு, இடம், உயரம், தேதி, ஜிபிஎஸ் எல்லாம் எழுதி, ஒரு பிரதியை ஹெர்பேரியத்தில் (உலர் தாவரக் காப்பகம்) ஒப்படையுங்கள். இனத்தை வகைப்பாட்டு நிபுணர் உறுதி செய்யட்டும், போன் ஆப் வேண்டாம். இது எதற்கென்றால், 1987இல் மலேசியாவின் சரவாக் காட்டில் புன்னைப் பேரினத்து மரம் ஒன்றிலிருந்து எடுத்த மாதிரி எச்ஐவி கிருமியைத் தடுத்தது. திரும்பப் போனபோது அந்த மரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள், அதே இனத்தில் பிறகு எடுத்த மாதிரிகளில் பழைய வீரியமும் இல்லை. மரத்துக்கு மரம், இலையின் வயதுக்கு வயது வேதிப்பொருள் மாறும். இளந்தளிரையும் முற்றிய இலையையும் ஒரே பையில் போடாதீர்கள்.

உலர்த்துவது நிழலில், 40 டிகிரியைத் தாண்டாமல், காற்றோட்டமாக. பூஞ்சை பிடித்த மாதிரியைத் தூக்கிப் போடுங்கள், இல்லையென்றால் பூஞ்சையின் சேர்மத்தைச் செடியின் சேர்மம் என்று நினைத்து மாதக்கணக்கில் அலைய நேரும்.

சாறு எடுப்பது சுலபம்தான். 100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் மெத்தனால் ஊற்றி ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள், அதே பொடியில் இன்னும் இரண்டு முறை. ரோட்டவேப்பில் (காற்றழுத்தத்தைக் குறைத்துக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) குறைந்த சூட்டில் வற்றவைத்து, ஹெக்சேன், எத்தில் அசிடேட், பியூட்டனால், நீர் என்று எதில் எது கரைகிறதோ அப்படிப் பிரித்தெடுங்கள். எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு). நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

சோதனையில்தான் ஏமாறுவோம். செடிகளில் உள்ள துவர்ப்புச் சேர்மங்களான டானின்கள் கிடைத்த புரதத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பதால் எந்த நொதிச் சோதனையிலும் வெற்றி மாதிரியே காட்டும். முதலில் பாலிஅமைடு நிரப்பிய குழாயில் (column) சாற்றை விட்டு அவற்றை நீக்குங்கள். சோதனைத் தட்டில் கரைப்பான் மட்டும் போட்ட குழி ஒன்று, தெரிந்த மருந்து போட்ட குழி ஒன்று, கூடவே சாதாரண மனித செல்கள் சாகின்றனவா என்ற சோதனை. இது மூன்றும் இல்லாத முடிவை நான் நம்புவதில்லை. எதிர்பார்த்ததை மட்டும் பார்க்கவும் கூடாது. மடகாஸ்கரிலிருந்து பரவிய நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்கென்று எலிகளுக்குக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைக் கவனித்ததால்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது.

வீரியம் தெரிந்தவுடன் பிரிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். எல்சி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து அவற்றின் எடையை அளக்கும் கருவி) ஓட்டி, ஏற்கெனவே தெரிந்த சேர்மமா என்று பாருங்கள். ஆறு மாதம் உழைத்து கடைசியில் பல செடிகளிலும் இருக்கிற குவர்செட்டின் வந்து நிற்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற சோகம். புதிது போலத் தெரிந்தால் சிலிக்கா நிரப்பிய குழாய், டிஎல்சி, எச்பிஎல்சி போன்ற குரோமட்டோகிராபி முறைகளால் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் மறுபடி சோதித்து, வீரியம் போகிற பக்கமே போங்கள். பிரித்தபின் வீரியம் காணாமல் போனால் சேர்மம் சிதைந்திருக்கலாம், சிலிக்காவில் ஒட்டியிருக்கலாம், இரண்டு சேர்மங்கள் சேர்ந்து வேலை செய்திருக்கலாம். பிரிவுகளைத் திரும்பக் கலந்து சோதித்தால் இதில் எது என்று ஓரளவு பிடிபடும். தூய சேர்மம் சில மில்லிகிராம் கையில் வந்தால் என்எம்ஆரும் (அணுக்களின் காந்தப் பண்பை வைத்து மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் கருவி) மாஸ் ஸ்பெக்ட்ரமும் சேர்ந்து பெரும்பாலும் வடிவத்தைக் காட்டிவிடும்.

மிச்சமான சாற்றை மைனஸ் 20இல் வையுங்கள். சேகரிப்பு எண்ணைக் காகிதச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பியில் ஒட்டுங்கள், மெத்தனால் பட்டால் மார்க்கர் மை அழிந்துவிடும்.