ஜாலியா பண்ற ஆர்ட் பிராஜெக்ட்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாள் லினோகட் (லினோ ஷீட்டைச் செதுக்கி மை தடவி அச்சு எடுக்கறது), மறுநாள் சயனோடைப் (வெயில்ல காட்டி நீலமா படம் பதிக்கறது), அதுக்கடுத்து ஸ்டாப் மோஷன் (பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஃபோட்டோ எடுத்து ஓட வெக்கறது), நடுவுல பழைய பில்லுங்க மேல டூடுல்னு மனசுக்குப் புடிச்சதையெல்லாம் பண்ணி ஆன்லைன்ல போடற பசங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க. பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. கிளையண்ட் இல்ல, டெட்லைன் இல்ல, யாரும் கேக்கல, ஆனாலும் பண்றாங்க. ஆனா நாங்க ஆரம்பிச்ச காலத்துல பண்ண அதே தப்புங்களை இவங்களும் வரிசையா பண்றதைப் பாத்தா எழுதாம இருக்க முடியல. லினோல எழுத்தைத் திருப்பிச் செதுக்கணும், கத்தி போற பக்கம் விரலை வைக்கக்கூடாது, இதெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிடுவாங்க, அதனால விட்டுடறேன்.

படத்துக்கு நடுவுல வாட்டர்மார்க்

படத்தைக் கெடுக்குது, திருடறவங்களைத் தடுக்கல. ஓரமா சின்னதா கையெழுத்து போடுங்க.

கலர் நிக்குமான்னு பாக்காம விக்கறது

எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல் வர்ற விஷயம் இதுதான், அதனால நீளமாவே சொல்றேன்.

ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒரு தம்பி, டீக்கடை பில், ஓட்டல் பில், பஸ் டிக்கெட்னு கையில கிடைச்ச மெஷின் சீட்டு மேலயெல்லாம் அந்தந்த இடத்துல பாத்த ஆளுங்களை வரைஞ்சு வெச்சிருந்தான். பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், கல்லாவுல உக்காந்திருக்கற அண்ணாச்சினு ஒவ்வொருத்தரும் அப்படியே உயிரோட இருந்தாங்க. பத்திரமா இருக்கட்டும்னு நல்லததான் நெனச்சு ஜெராக்ஸ் கடையில லேமினேஷனுக்குக் குடுத்துட்டான். மெஷின்லேருந்து வெளிய வந்தது எல்லாமே கருப்பு. அந்த பில் பேப்பர்ல இங்க்கே கிடையாது, சூடு பட்டா கருப்பாகற ஒரு கோட்டிங்தான் இருக்கு, பில் மெஷின் வேணுங்கற இடத்துல மட்டும் சூடு வெச்சு எழுத்தைக் கொண்டு வருது, லேமினேஷன் ரோலர் மொத்தப் பேப்பருக்கும் சூடு வெச்சுடுச்சு. ஸ்கேனும் எடுத்து வெக்கல. அவன் முகத்தைப் பாக்க முடியல.

அது அவனோட பொருள், அவனோட நஷ்டம். அடுத்தவங்க காசு குடுத்து வாங்கினது வீணாப் போறது இதைவிட மோசம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு ஆல்கஹால் மார்க்கர்ல, ஃப்ளோரசன்ட் பிங்க் எல்லாம் போட்டு பிரமாதமா ஒரு கடற்கரை சீன் பண்ணி ஸ்டால்ல வித்துச்சு. வாங்கின அம்மா ஆசையா ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டினாங்க, மேற்கு பாத்த ஜன்னலுக்கு எதிர்ல. வருஷம் திரும்பறதுக்குள்ள பிங்க் போச்சு, மஞ்சள் போச்சு, மிச்சம் இருந்தது சோகையான நீலமும் கருப்புக் கோடும்தான். அந்தம்மா கோவப்படல, ஃபோட்டோ அனுப்பி "இது இப்படித்தான் ஆகுமாம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. காசைத் திருப்பிக் குடுத்தாச்சு, ஆனா அந்தப் படம் போனது போனதுதான்.

காரணம் ரொம்ப சிம்பிள். ஸ்கெட்ச் பென், ஆல்கஹால் மார்க்கர் எல்லாத்துலயும் பெரும்பாலும் இருக்கறது சாயம், அது திரவத்துல கரைஞ்சு கிடக்கும், வெளிச்சம் படப்பட மூலக்கூறு உடைஞ்சு நிறம் போயிடும். பிக்மென்ட் அப்படியில்ல, கரையாத துகள், அதனால பொதுவா ரொம்ப நாள் தாங்கும். அதுலயும் எல்லாம் தாங்காது. ஓவியர் வான்கோ 1888ல பிரான்ஸ்ல இருக்கற ஆர்ல் ஊர்ல வரைஞ்ச படுக்கையறை படத்துல சுவரைக் கத்திரிப்பூ கலர்லதான் வரைஞ்சாரு, சிவப்பு வெளிறிப்போய் இன்னிக்கு நாம பாக்கறது நீலச் சுவர். அதனால பெயின்ட் டியூபுல சின்ன எழுத்துல இருக்கற பிக்மென்ட் கோடைப் படிங்க. பிஆர்83னு போட்டிருந்தா அது பழைய அலிசாரின் கிரிம்சன்ங்கற சிவப்பு, வெளிறும். அதுக்குப் பதிலா பிவி19, குவினாக்ரிடோன், நல்லா நிக்கும். கோட்டுக்கு பிக்மா மைக்ரான் மாதிரி பிக்மென்ட் பேனா, இல்லன்னா கார்பன் போட்ட இண்டியன் இங்க், ரெண்டும் கவலையில்லாம யூஸ் பண்ணலாம்.

டெஸ்ட் பண்ண செலவே கிடையாது. ஒரு பேப்பர் துண்டுல உங்க கலர் எல்லாத்தையும் பட்டை பட்டையா போடுங்க, பாதியை சமையலறை அலுமினிய ஃபாயில்ல மூடி ஒட்டுங்க, வெயில் வர்ற ஜன்னல்ல வெச்சிடுங்க. நம்மூர் வெயிலுக்கு வீக்கான கலர் எல்லாம் சில வாரத்துலயே காட்டிக் குடுத்துடும். ஃபாயிலை எடுத்து ரெண்டு பாதியையும் பாத்தா யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல.

மார்க்கரே வேணாம்னு சொல்லல, அதுல இருக்கற வேகமும் குஷியும் வேற எதுலயும் வராது. வரைங்க, உடனே ஸ்கேன் பண்ணுங்க, ஒரிஜினலை ஃபைல்ல மூடி வெச்சுக்கிட்டு, பிக்மென்ட் இங்க் பிரிண்டர்ல எடுத்த பிரிண்ட்டை வித்துக்கோங்க. ஏஃபைவ் (A5) பேப்பர்ல வரைஞ்சதை ஏத்ரீ (A3) சைஸ்ல பிரிண்ட் பண்ணணும்னா நீளம் அகலம் ரெண்டுமே இரட்டிப்பாகும், அதனால ஸ்கேன் 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு) வெச்சாதான் பிரிண்ட்ல 300 நிக்கும். ஃப்ளோரசன்ட் மட்டும் ஸ்கேனர்லயும் சாதா பிரிண்ட்லயும் அப்படியே வராது, அதை முதல்லயே மனசுல வெச்சுக்கோங்க. ஒரிஜினலேதான் வேணும்னு ஒருத்தர் கேட்டா, இது வெயில்ல வெளிறும்னு வாயைத் தொறந்து சொல்லிட்டு குடுங்க. அதைக் கேட்டு யாரும் ஓடிப்போக மாட்டாங்க, எங்க மாட்டலாம்னுதான் கேப்பாங்க.

ஸ்டாப் மோஷன்ல ஃபோனை ஆட்டோல விடறது

செகண்டுக்கு 12 ஃப்ரேம்னா அரை நிமிஷத்துக்கு 360 ஃபோட்டோ. அவ்ளோ தடவை களிமண் பொம்மையை நகத்தி நகத்தி எடுத்துட்டு, ஓட்டிப் பாக்கும்போது படம் மினுக் மினுக்னு அடிச்சா அழுகை வரும். ஃபோன் கேமராவுல எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (கலர் சாயல்) மூணையும் மாறாம லாக் பண்ணுங்க. ஜன்னலை மூடிட்டு விளக்கு போடுங்க, ஒரு மேகம் போனாலே வெளிச்சம் மாறிடும். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நிறைய விளக்கு செகண்டுக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டரை 1/50 செகண்ட்ல வெச்சா அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், பரவால்ல.

சயனோடைப்பை போர் தண்ணில அலசறது

1842ல விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபுடிச்ச முறை, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற தாவரவியல் அம்மா கடல்பாசியை இதுல பதிச்சு புத்தகமாக்க ஆரம்பிச்சாங்க, இன்னிக்கும் அந்த நீலம் அப்படியே இருக்கு. நம்ம பசங்க நீலம் மட்டும் அலசும்போதே வடிஞ்சு போகுது, வெள்ளைப் பகுதி மஞ்சளாகுதுன்னு கேக்கறாங்க, கெமிக்கல் டூப்புன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்கும் போறாங்க. பெரும்பாலும் தண்ணிதான். சயனோடைப்ல வர்ற நீலம் பிரஷ்யன் ப்ளூ, அதுக்கு காரம் (ஆல்கலி) ஆகாது, நம்ம போர் தண்ணி பல ஏரியால கடினமா, காரமா இருக்கும். முதல் அலசலுக்கு ஒரு டப் தண்ணில கால் ஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சுக்கோங்க, அப்புறம் கேன் தண்ணில அலசுங்க. துணில பண்ணினா சோப்புத்தூள் பக்கமே போகாதீங்க.

மார்க்கர் மாதிரி இல்லாம சயனோடைப்ல ஒரு ஆறுதல் இருக்கு, வெளிச்சத்துல வெளிறினாலும் கொஞ்ச நாள் இருட்டுல வெச்சா நீலம் நிறையவே திரும்பி வரும்.

ஒவ்வொரு மீடியத்துக்கும் தனி அக்கவுண்ட்

வேணாம். எல்லாத்தையும் ஒரே இடத்துல போடுங்க.