குவாஷ் பழக என்ன வாங்கலாம்?

தர்மபுரி ஸ்டேஷனரி கடைகளில் குவாஷ் (gouache) என்ற ஓவிய வண்ணம் கேட்டால் பெரும்பாலும் போஸ்டர் கலரைத்தான் எடுத்துத் தருவார்கள், பழகுவதற்கு அது தாராளமாகப் போதும், இரண்டுமே தண்ணீரில் கரைந்து அடியில் உள்ளதை மறைக்கும் வண்ணங்கள்தான். நல்ல குவாஷ் டியூப் வேண்டுமென்றால் ஆன்லைனில் வாங்குங்கள், இல்லை பெங்களூர் போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

24 நிறப் பெட்டி வேண்டாம். லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் கறுப்பு, அப்புறம் பெரிய டியூப் வெள்ளை. வெள்ளைதான் சீக்கிரம் தீரும், ஏனென்றால் ஒகேனக்கல் நுரையோ கிருஷ்ணகிரி பாறைகளின் வெளிர் சாம்பலோ எதைக் கலந்தாலும் அது வேண்டியிருக்கும்.

பணத்தைக் காகிதத்தில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாளாக இருக்கட்டும், மெல்லிய சார்ட் தாள் ஈரம் பட்டதும் சுருண்டுவிடும்.

பிரஷ்ஷுக்கு சிந்தெடிக் போதும்: அரை அங்குல ஃபிளாட் (தட்டை பிரஷ்) ஒன்று, 6, 2 எண் ரவுண்ட் (உருண்டை பிரஷ்) ஒவ்வொன்று.

நம் ஊர் வெயிலில் வண்ணம் மளமளவெனக் காயும், ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் மூடி இறுகும் டப்பாவும் அவசியம். காய்ந்தாலும் கவலையில்லை, தண்ணீர் தெளித்தால் பெரும்பாலும் திரும்பக் கரையும்.