முட்டி ஊசிக்குப் பணம் கட்டும் முன் 12 வாரம்

எக்ஸ்ரேயைப் பார்த்து "ஜவ்வு தேஞ்சு போச்சு" என்று சொன்னதும் மனசு நேரே ஊசிக்குத்தான் ஓடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டார்கள், கேட்டது. நாமும் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த அக்கா சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவருக்குக் கேட்டது ஊசி மருந்துதானா?

2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் முட்டித் தேய்மானம் உள்ள 288 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு பி.ஆர்.பி. ஊசி (அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும் தட்டணு நிறைந்த நீர்), மறு பாதிக்கு வெறும் சலைன் (உப்புநீர்), வாரம் ஒன்றாக மூன்று. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்கு இத்தனை என்று சொல்லும் வலி அளவு பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்திருந்தது. சலைன் போட்டவர்களுக்கும் 1.8 குறைந்திருந்தது. முட்டி வலி ஏறி இறங்கும் வலி. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் டாக்டரிடம் போகிறோம். அதற்குப் பிறகு எது செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். அதனால் எந்தச் சிகிச்சையானாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? ஊசிக்குப் பணம் கட்டும் முன் 12 வாரம் தொடைப் பயிற்சி செய்து பாருங்கள்.

தொடங்கும் முன்

முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை, முட்டி மடங்கியபடியே பூட்டிக்கொள்கிறது, படுத்திருக்கும்போதும் வலி விடாமல் எழுப்புகிறது என்றாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்று கேளுங்கள். படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். படத்தில் "கிரேடு 3" (எண் கூடினால் தேய்மானமும் கூடுதல்) என்று இருப்பவர் சுலபமாக நடப்பதும், "கிரேடு 1" உள்ளவர் படி ஏற முடியாமல் தவிப்பதும் உண்டு. படத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

தொடைப் பயிற்சி: வாரம் மூன்று நாள்

படியில் இறங்கும்போது உடல் எடையைப் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. அது தளர்ந்தால் அதிர்ச்சி மூட்டில் கூடுதலாக விழும்.

முதல் இரண்டு வாரம் பாயில் அல்லது கட்டிலில் செய்தால் போதும். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை 5 விநாடி இறுக்குங்கள், 10 முறை. பிறகு ஒரு காலை மடக்கி, மற்ற காலை நீட்டியபடியே ஓரடி உயர்த்தி 5 விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். அதுவும் 10 முறை.

அடுத்தது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. இருக்கை சுமார் 45 செ.மீ. உயரம் இருக்கட்டும். டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணியபடி இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். முட்டி இரண்டும் உள்ளே சாயாமல் பாதத்தின் நேருக்கு இருக்க வேண்டும். வலித்தால் இரண்டு போர்வையை மடித்துப் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டுங்கள். 8 முறை, சற்று ஓய்வு, மறுபடி 8 என்று மூன்று சுற்று.

மூன்று சுற்றிலும் 12 முறை சுலபமாக வந்துவிட்டால் போர்வை போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பழைய சாக்ஸில் அரை கிலோ அரிசி நிரப்பிக் கணுக்காலில் கட்டிக் காலை உயர்த்துங்கள். பலர் தவறுவது இங்கேதான்: பிசியோதெரபி துறையில் முதல் நாள் காட்டிய அதே பயிற்சியை, அதே எண்ணிக்கையில், மூன்று மாதம் செய்துவிட்டு "பயனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பாரம் ஏறாமல் தசை ஏறாது.

வலி வந்தால்? பத்துக்கு 5 வரை பரவாயில்லை, மறுநாள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால். திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு வாரம் தொடை வலிப்பது இயல்பு. படி ஏறுவதில் மாற்றம் தெரிய 6 முதல் 12 வாரம் பிடிக்கும்.

நடைக்கு மெரினாவின் மணலைத் தவிர்த்து ஓரத்து நடைபாதையில் நடங்கள். மணலில் பாதம் புதையும்போது முட்டி திருகும். மாநகரப் பேருந்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில்; கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடத்தில் அதன் பிடி இருக்க வேண்டும்.

தைலமும் எடையும்

வலி குறைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டிக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு 3, 4 முறை தடவ வேண்டும். அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் ஒரு முட்டிக்கு ஐந்து நாள்கூடத் தாண்டாது. மாதம் ஒரு டியூப் போதுமாக இருக்கிறதென்றால் அளவு பற்றவில்லை. தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டே தடவுங்கள்.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் பாரம் 4 கிலோ குறைகிறது. எடை குறைக்கும் ஊசி மருந்தான செமாகுளுடைட் பற்றி 2024இல் வந்த ஆய்வில், முட்டித் தேய்மானமும் உடல் பருமன் உள்ள 407 பேரில் மருந்து எடுத்தவர்களின் எடை 68 வாரத்தில் 13.7 சதவீதம் குறைந்தது. நூறு புள்ளி வலி அளவு அவர்களுக்கு 41.7 இறங்கியது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கும் 27.5 இறங்கியது. இரு தரப்புக்கும் உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சொல்லித் தந்திருந்தார்கள்.

இனி ஊசி

ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். வீட்டில் கல்யாணம், பயணம் என்றால் அதற்கு ஒரு இடம் உண்டு. அதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்ட 2017 ஆய்வில், சலைனைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்தது. மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் மாத்திரைகளை 2006இல் 1,583 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை.

ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி முட்டிக்கு அது இன்னும் ஆராய்ச்சிதான். காசு வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது. "இது ஆராய்ச்சிதான்" என்று சொன்னால் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான அதில் எவரும் இலவசமாகத் தேடலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கவும் விட வேண்டும்.

12 வாரமும் போதாவிட்டால்

முட்டி மாற்று அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். 2015இல் டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி உள்ளிட்ட அறுவையில்லாச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு அறுவையும் செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது, பக்க விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். அறுவையில்லாப் பிரிவில் நான்கில் மூன்று பேர் அந்த வருடம் அறுவை செய்துகொள்ளவில்லை. தேவைப்பட்டால், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையிலோ ஸ்டான்லியிலோ எலும்பியல் பிரிவில் விசாரியுங்கள். தனியாரில் என்றால் இம்ப்ளான்டின் (பொருத்தும் செயற்கை மூட்டு) பிராண்டையும் விலையையும் பில்லில் தனியாகக் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் அதற்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு நிர்ணயித்தது. தேதி குறித்த பிறகும் நாற்காலிப் பயிற்சியை விடாதீர்கள். புது மூட்டைத் தாங்கப்போவதும் அதே தொடைதான்.