இதயம் தளர்ந்தவரின் சிறுநீரகத்தை வீட்டில் காப்பது எப்படி

எங்கள் அப்பாவின் பரிசோதனைச் சீட்டில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.2-இலிருந்து 1.5 ஆக ஏறியிருந்த அன்று, "இதய மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துவிட்டது, நிறுத்திவிடுவோம்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் நாங்கள் பார்க்கும் மருத்துவரோ சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மாத்திரையைத் தொடரச் சொல்லி, இரண்டு வாரத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்பதையும் சேர்த்து மறுபடி பரிசோதித்து வரச் சொன்னார்.

காரணம் இதுதான். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. இதயம் தளர்ந்தால் அந்த வரத்து குறைகிறது; திரும்பிப் போக வேண்டிய ரத்தமும் சிரைகளில் தேங்கிச் சிறுநீரகத்தை அழுத்துகிறது. உடம்பு வறண்டுவிட்டது என்று எண்ணிக்கொள்ளும் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்க, கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது. எனாலாப்ரில், லோசார்டன் போல 'பிரில்', 'சார்டன்' என்று பெயர் முடியும் இதய மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தணிப்பதால், தொடங்கிய புதிதில் கிரியேட்டினின் சற்று ஏறுவது உண்டு. ஏற்றம் முப்பது சதவீதத்துக்குள் நின்று, பொட்டாசியமும் கட்டுக்குள் இருந்தால், மருத்துவர்கள் பெரும்பாலும் மருந்தை நிறுத்துவதில்லை. அப்பாவுக்கு ஏறியது 25 சதவீதம். ஆகவே சீட்டைப் பார்த்து நாமே மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவற்றில் முதலாவது எடை. காலையில் சிறுநீர் கழித்த பின், காப்பிக்கு முன், ஒரே மாதிரி உடையில் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். மெஷினைப் பாயின் மேல் வைக்காமல் வெறுந்தரையில் வைக்க வேண்டும். எடையை மாதக் காலண்டரின் அந்தந்தக் கட்டத்திலேயே எழுதிவிடலாம். தினம் கிழிக்கும் காலண்டரில் எழுதினால் கணக்கு குப்பைக்குப் போய்விடும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுக்கும்போது குழி அப்படியே நின்றால் அதையும் குறிக்க வேண்டும். எடை மளமளவென இறங்கி, எழுந்தால் தலை சுற்றி, சிறுநீரும் குறைந்தால், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றத் தரும் நீர் மாத்திரை அதிகமாகியிருக்கலாம். அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது உப்பு. தூத்துக்குடி உப்பளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்பைக் குறைக்கச் சொல்வது நமக்குக் கசப்புதான். நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள் நிற்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். சொதியை உப்புக் குறைத்து வைத்துவிடலாம். அதோடு வரும் அப்பளமும் சிப்ஸும்தான் கெடுக்கும். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருப்பதால், உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இன்னும் ஆபத்து. வெயிலுக்குத் தெருமுனையில் வாங்கும் இளநீருக்கும், சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வாழைத்தண்டுச் சாற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீருக்கு மருத்துவர் அளவு சொல்லியிருந்தால், காலையிலேயே அந்த அளவைப் பாட்டில்களில் நிரப்பி வைத்துவிடுங்கள். காப்பி, மோர், ரசம், கஞ்சி எது குடித்தாலும் அதே டம்ளரால் பாட்டிலிலிருந்து அவ்வளவு நீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். மிச்சம் இருப்பதுதான் குடிக்கும் தண்ணீர். எங்கள் அம்மா கண்டுபிடித்த வழி இது; எழுதிவைக்கும் கணக்கைவிடத் தப்பாமல் நடக்கிறது.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் தாமாக வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளையும், "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று போட்டுக்கொள்ளும் வலி ஊசியையும் தொடவே கூடாது. அவை சிறுநீரகத்துக்குள் நுழையும் ரத்தக்குழாயைச் சுருக்கி, உப்பையும் தேக்குகின்றன. நீர் மாத்திரையும் பிரில் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு அடி இரட்டிப்பாகும். வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பாடு இறங்காத நாளில் அன்றே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். நீர் மாத்திரை, பிரில், சார்டன், சர்க்கரை நோய்க்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரும் டாபாக்ளிஃப்ளோசின் ஆகியவற்றில் சிலவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லலாம், மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். படுக்கவே முடியாமல் மூச்சுத் திணறினாலோ, அரை நாளாகச் சிறுநீர் பிரியாவிட்டாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்; போகும்போது காலண்டரையும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.